பிரெஞ்சு சாமியார் சொன்ன பிரபு

மாரிகுப்பம் மாதா கோயிலில் அப்போது ஒரு பிரெஞ்சு சாமியார் இருந்தார். செம்பட்டைத் தாடி, செம்மண் ஏறி வெள்ளை அங்கியும் ஏறக்குறைய அதே நிறமாகியிருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மாடுகளின் நெற்றியைச் சொறிந்துவிட்டுத்தான் மனிதர்களிடம் வருவார்.

என் மாமனார் அங்கிருந்த தங்கச் சுரங்கத்துக்கு விறகுவண்டி ஓட்டியவர். என் மனைவி அவருக்கு ஒரே பெண். அவர் படுக்கையில் விழுந்ததும், வண்டியும் மாடும் ஆண் வாரிசுக்குத்தான் என்று அவருடைய அண்ணன் மகன் வேலூரிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டான். அன்று நோயாளியைப் பார்க்க வந்த சாமியார் கட்டிலருகே உட்கார்ந்து ஒரு கதை சொன்னார்.

“எங்க ஊர்ல அந்தக் காலத்துல ஒரு பிரபு இருந்தாரு. கோட்டை, குதிரை, சண்டைன்னு வாழ்ந்த மனுசன். ஆம்பளைப் புள்ள இல்ல, ஒரே பொண்ணு. சாகப்போற நேரத்துல தம்பி மகன் படையோட வந்து நின்னான். பிரபு ஊரைக் கூட்டி, கோட்டைச் சாவியப் பொண்ணு கையில குடுத்துட்டாரு.”

“பொம்பள எப்படி சாமி ஆண்டாங்க?” என்றார் மாமனார்.

“நல்லாத்தான் ஆண்டாங்க. அந்தம்மா கட்டின பாலத்து மேலதான் நான் இஸ்கூலுக்குப் போனேன்.”

மாமனார் சாட்டையை எடுத்துவரச் சொன்னார். எல்லார் முன்னிலையிலும் அதை என் மனைவியிடம் நீட்டி, “இந்தாம்மா, மாடு உன்னுது” என்றார். அண்ணன் மகன் முணுமுணுத்துக்கொண்டே ரயிலேறினான். அந்த வண்டியால் நாங்கள் குறையில்லாமல் வாழ்ந்தோம்.

எங்களுக்கு மகள் பிறந்தபோது, அந்தச் சீமாட்டியின் பெயரையே வைக்க வேண்டுமென்று மனைவி சாமியாரிடம் கேட்டாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்து ஒரு பெயரைச் சொன்னார். மறந்ததை நினைவுபடுத்திக்கொண்டாரா, அப்போதுதான் உண்டாக்கினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. மகளுக்கு அது நன்றாகப் பொருந்திவிட்டது.