மூன்று தாள், ஒரு நீலம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சேலையூரில் பிரஸ் நடத்துகிற பொம்பளைக்கு வாய் இல்லாவிட்டால் ஒரு நாள் தாங்காது என்பது என் கட்சி. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை நான் கத்தியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

என்னிடம் திட்டு வாங்கியவர் கோவிலம்பாக்கத்துக்காரர், ஐம்பது தாண்டியிருக்கும். வேலை பார்த்த கம்பெனியில் நின்றுவிடச் சொல்லிவிட்டார்கள். ஏசி சர்வீஸ் கான்ட்ராக்ட் எடுக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். திங்கட்கிழமை ஒரு பெரிய அலுவலகத்தில் போய்க் கொட்டேஷன் கொடுக்க வேண்டும். அதுதான் முதல் வாய்ப்பு. அதற்காகத்தான் விசிட்டிங் கார்டு, லெட்டர்ஹெட், கவர் மூன்றும் என்னிடம் அடிக்கக் கொடுத்திருந்தார்.

வாங்க வந்தவர் மூன்றையும் வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மேடம், நீலம் மூணுலயும் வேற வேறயா இருக்கே?"

எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "சார், ஒரே டப்பா இங்க், ஒரே மெஷின். கார்டு வழவழன்னு இருக்கு, பளிச்சுன்னு தெரியும். லெட்டர்ஹெட் பேப்பர் இங்க்கைக் குடிச்சிடும், மங்கத்தான் செய்யும். கவருக்கு மஞ்ச பேப்பர் நீங்கதான் கேட்டீங்க, அதுல நீலம் பச்சையாத்தான் அடிக்கும். பேப்பர் பண்றதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்? கலரைப் பார்த்தா அவங்க ஆர்டர் தரப்போறாங்க?"

மெஷின் ஓட்டுகிற அண்ணனும் உள்ளேயிருந்து ஒத்து ஊதினார். "ஒரே டப்பாவுல வேற இன்னா கலர் சார் வரும்?"

பதிலுக்கு அவர் கத்தியிருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். அவர் குரலே எழும்பவில்லை.

"நான் இருபது வருஷத்துக்கு மேல பர்ச்சேஸ்ல இருந்தவன் மேடம். கொட்டேஷன் கட்டுக்கட்டா வரும். கார்டு ஒரு கலர், லெட்டர் ஒரு கலர்னு இருந்தா, இது டுபாக்கூர் கம்பெனின்னு ஓரமா தள்ளிடுவேன். உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்த்ததே இல்ல. திங்கக்கிழமை எதிர்ல உட்காரப்போறவனும் என்னை மாதிரி ஒருத்தன்தானே?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. அடப்பாவமே, இந்த மனுஷனிடமா இத்தனை பேச்சுப் பேசினோம் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கட்டுகளை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். "ஞாயித்துக்கிழமை வாங்க சார், திரும்ப அடிச்சுத் தரேன்."

சனிக்கிழமை ஒரே டப்பா கதையை மூட்டை கட்டிவிட்டு நீலத்தை இரண்டாகக் கலந்தோம். கார்டுக்கு ஒரு துளி கறுப்பு சேர்த்து அடக்கினோம். லெட்டர்ஹெட்டுக்கு இன்னும் பளீரென்ற நீலம். மஞ்சள் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, லெட்டர்ஹெட் தாளிலேயே கவரும் அடித்து ஒட்டினோம். ஈரத்தில் கார்டும் லெட்டரும் அச்சாகப் பொருந்தின. சாயங்காலம் காய்ந்ததும் லெட்டர் மறுபடி சோர்ந்துவிட்டது. "பேஜாரா கீதுக்கா," என்று அண்ணன் தலையில் கை வைத்தார். இன்னும் பளிச்சென்று கலந்து, லெட்டரையும் கவரையும் மறுபடி ஓட்டினோம். ஞாயிறு காலை காய்ந்த பிறகு வாசலில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக ஒன்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்வார்கள்.

அன்றே வந்து வாங்கிப் போனவர் செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "என்ன சார் ஆச்சு?"

"அடுத்த வாரம் சொல்றேன்னார் மேடம். கிடைக்குமான்னு தெரியல."

"நீலத்தைப் பத்தி ஏதாவது?"

"கலரை அவர் கவனிக்கவே இல்ல. கார்டை ஓரமா வெச்சார், லெட்டரைப் பிரிச்சார்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் நாங்கள் மாரடித்தது இதற்கா?

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "படிச்சார் மேடம். ரெண்டு பக்கத்தையும் நிதானமா, கடைசி வரி வரைக்கும் படிச்சார். அத்தனை வருஷத்துல நான் எத்தனை பேரைப் படிக்காமலே தள்ளியிருக்கேன் தெரியுமா?"