தக்காளிக்கும் தூக்கம் வேண்டுமாம்

இன்று காலை எங்கள் விஷ்ராந்த்வாடி வீட்டு மொட்டைமாடிப் பசுமைக்குடிலில் இருந்தவர்கள்: நான், கணவர், நாத்தனார், பன்னிரண்டு தக்காளிச் செடிகள்.

மழைக்கால வெளிச்சம் போதவில்லை என்று செடிகளுக்கு எல்இடி விளக்கு போட்டிருந்தேன். ஏற்றிய விளக்கை அணைக்க மனம் வராமல் இருபது நாளாக இரவும் பகலும் எரியவிட்டேன். தினமும் பூக்களை எண்ணி நோட்டில் எழுதினேன்.

இன்று பார்த்தால் இலையெல்லாம் மஞ்சள்.

நாத்தனார் போனில் தேடி, ராத்திரியில் செடிக்கு இருட்டு வேண்டும் என்று படித்துக் காட்டினாள். பிறகு சிரித்தாள்.

"செடியக்கூட கண்ண மூட விடலையா அண்ணி? எங்கண்ணன் ஏன் இப்படி வாடிக் கெடக்கான்னு இப்பத்தான் புரியுது!"

கணவர் மறுக்கவில்லை. கூடவே சிரித்தார்.

விளக்கை அணைத்துவிட்டேன். முதல் பழம் முருகனுக்கு என்று வேண்டியிருக்கிறேன். அண்ணனும் தங்கையும் வாடினால் பரவாயில்லை, செடி தேறுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.