மோல்டோகானின் இடுப்புப் பட்டை

திருகாணி என்று எந்த டாக்டர் சொன்னாலும் பெய்ஷெனுக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய அண்ணன் முதுகில் நாலு திருகாணி போட்டார்கள். ஒன்று கழன்றுகொண்டது. அண்ணன் இன்றைக்கும் கைத்தடியோடுதான் நடக்கிறான். லாரி மெக்கானிக்கான பெய்ஷெனுக்கு அது ஆறவே இல்லை. "நான் மாட்டின போல்ட் இப்படிக் கழண்டிருந்தா ஊரே என்னை உதைச்சிருக்கும்" என்பான்.

இப்போது அவன் சிநேகிதன் மோல்டோகானின் முறை. நாரின் மலைக்கணவாயில் இருபத்தெட்டு வருஷம் நிலக்கரி லாரி ஓட்டியவன். ஒருமுறை பனியில் இரண்டு நாள் சிக்கியும் யாரையும் உதவிக்குக் கூப்பிடாதவன். இன்று இருநூறு அடி நடந்தால் இரண்டு காலும் மரத்துப்போகிறது. குந்தி உட்கார்ந்தால்தான் உயிர் வருகிறது. முதுகெலும்பில் நரம்பு நசுங்குகிறது என்றார்கள்.

தலைநகர் பிஷ்கெக்கில் டாக்டர் ஜிபெக் என்ற பெண் பார்த்தாள். "குனிஞ்சும் நிமிந்தும் எக்ஸ்ரே எடுங்கண்ணே. எலும்பு நகரலன்னா கொஞ்சம் சீவி நரம்புக்கு வழி விட்டாப் போதும். நகருதுன்னா சீவினதும் இன்னும் வழுக்கும். திருகாணி போட்டுப் பூட்டணும்."

படத்தில் எலும்பு நகரவில்லை. ஆனாலும் அவள் முகம் சுளித்தாள். "இவர் சரியாக் குனியவே இல்ல. இன்னொரு படம் வேணும்."

வெளியே வந்ததும் பெய்ஷென் முனகினான். "பாத்தியா? படமே நகரலங்குது. திருகாணி விக்க வழி தேடுறாடா."

வேறொரு பெரிய டாக்டர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, சீவினால் போதும், வியாழக்கிழமை வாருங்கள் என்றார். பெய்ஷெனுக்கு மனசு குளிர்ந்தது.

செவ்வாய் மத்தியானம் பெய்ஷென் வீட்டில் பெஷ்பர்மாக் கறிவிருந்து. மூக்குமுட்டத் தின்ற மோல்டோகான் சட்டைக்குள் கைவிட்டு, மனைவி நாய்மயிரில் இறுக்கிப் பின்னிய இடுப்புப் பட்டையை அவிழ்த்து மெத்தையில் போட்டான். தேநீர்க் கிண்ணத்துக்குக் கை நீட்டியவன் "ஐயோ" என்று அப்படியே சாய்ந்தான்.

"டேய், எக்ஸ்ரேவுக்கு இதோடயா நின்ன?"

"பின்ன? அந்த எக்ஸ்ரேக்காரப் பொண்ணு முன்னாடி அவுத்துட்டு நிக்கச் சொல்றியா? இது இல்லாம நிமிர முடியாதுடா."

"அடப் பாவி! ஆடுற சக்கரத்தைக் கயித்தால கட்டிட்டு, ஆட்டம் இல்லன்னு காட்டியிருக்கியே!"

பேசாமல் இருந்துவிட்டால் வியாழக்கிழமை வெறும் சீவல்தான். திருகாணி கிடையாது. பெய்ஷென் ஆசைப்பட்டதும் அதுதான். பட்டையை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். பிறகு ஜிபெக்குக்கு அவனே போன் செய்தான்.

பட்டை இல்லாமல் எடுத்த படத்தில் எலும்பு ஒன்றின்மேல் ஒன்று நன்றாகவே வழுக்கியிருந்தது. பெரிய டாக்டரும் பார்த்துவிட்டு, பூட்டத்தான் வேண்டும் என்றார்.

பெய்ஷென் ஜிபெக்கை விடவில்லை. "திருகாணி கழலாதுன்னு சொல்லும்மா."

"சொல்ல மாட்டேண்ணே. கழலலாம். ஆனா பூட்டாம விட்டா, இவர் கால் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

கழலாது என்று அவள் சத்தியம் செய்திருந்தால், பொய் சொல்கிறாள் என்று மோல்டோகானை அப்போதே வெளியே இழுத்துக்கொண்டு வந்திருப்பான். இப்போதும் அவளை முழுசாக நம்பவில்லை. எத்தனை திருகாணி, என்ன நீளம் என்று கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது மோல்டோகான் போர்வைக்குள்ளிருந்து பட்டையை உருவி பெய்ஷென் கையில் திணித்தான்.

"என் பொண்டாட்டிகிட்ட குடுத்துடாத, மறுபடி கட்டி விட்ருவா. உன் ஷெட்லயே வச்சுக்க. நானே வந்து கெஞ்சினாலும் குடுக்காத."