திரும்பி வருவதற்கு என்ன ஆதாரம்?

விசா மனு எழுதிக் கொடுக்கிறவனுக்கு ஊரில் உள்ளவர்களின் ஆசையெல்லாம் தெரியும். அந்த ஆசைக்கு எந்தக் காகிதம் குறைகிறது என்பதும் தெரியும்.

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால், சீனுவின் ஜெராக்ஸ் கடையில் எனக்கு ஒரு மேஜை உண்டு. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், வியாபாரத்துக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். மனுவை நிரப்பி, எதனோடு எதை இணைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். நான் கல்லூரிக்குப் போனவன் இல்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பிச்சாட்டூர் பக்கம் நிலமில்லாத வீட்டில் பிறந்து, விவசாயக் கூலிகள் சங்கத்தின் துண்டுப் பிரசுரங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தவன். பிறகு அவற்றை எழுதியவனும் நானே. கலெக்டருக்குத் தமிழிலும் தெலுங்கிலும் மனு எழுதினேன். பதில் வராத மனுக்களுக்கு மேல்முறையீடு எழுதி எழுதி ஆங்கிலமும் வந்து சேர்ந்தது. சங்கம் கலைந்து, தலைவர்கள் ஆளுக்கொரு கட்சியில் போய் உட்கார்ந்த பிறகு எனக்கு மிஞ்சியது இந்தக் கைவேலைதான்.

வங்கிக் கணக்கு, சம்பளச் சான்று, அழைப்புக் கடிதம், காது தெரிகிற போட்டோ என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. என் ஆசையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஒரே மகள் மலர் அயர்லாந்தில் நர்ஸ். கூட வேலை செய்யும் கேரளத்துப் பையனை அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொள்ளத் தேதி வாங்கிவிட்டாள். புரோகிதர் இல்லாமல், மேடையில் பேசியே நான் நடத்தி வைத்த கல்யாணங்கள் இந்த எல்லைக் கிராமங்களில் ஏராளம். என் மகள் கல்யாணத்தில் நான் நிற்க வேண்டும். எனக்கோ பாஸ்போர்ட்டே இல்லை. பட்டா கேட்டு ரோட்டில் உட்கார்ந்ததற்கு என்மேல் ஒரு வழக்கு இருக்கிறது. மலர் தொட்டிலில் கிடந்தபோது போட்டது. அவள் வளர்ந்து, படித்து, கடல் தாண்டிப் போய்விட்டாள். வழக்கு மட்டும் அடுத்த வாய்தாவைத் தாண்டவில்லை.

முன்பணம்

சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், ஜெர்மனியில் உணவுப்பொருள் கண்காட்சிக்குப் போக வியாபார விசா கேட்டு வந்தார். அழைப்புக் கடிதம், ஆலையின் பதிவு, வரி கட்டிய ரசீது, எல்லாம் கச்சிதம். நெற்றியில் சுருட்டை முடி புரள ஒரு நல்ல போட்டோவும் கொடுத்தார். கைரேகை வைக்கச் சென்னைக்குப் போகச் சொன்னேன். அவர் நேரே போகவில்லை. மலைக்குப் போய் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, அந்தக் கோலத்திலேயே சென்னையில் போய் நின்றிருக்கிறார். போட்டோவில் இருப்பவர் எங்கே என்று கேட்டார்களாம். புதுப் போட்டோவோடு இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர் மேஜைக்கு மட்டும் வருகிற சிக்கல் இது. சாமி கும்பிடாத நான், சாமிக்கு எப்போது முடி கொடுக்கலாம் என்று யோசனை சொல்ல வேண்டியதாயிற்று. விசா கைக்கு வரும்வரை மொட்டை வேண்டாம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். வேண்டுதல் பலித்த பிறகுதானே காணிக்கை, ஏன் இந்த அவசரம் என்று அவரிடம் கேட்டேன். தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“ஆர்டர் வாங்கணும்னா முன்னாடியே அட்வான்ஸ் குடுக்கறது நம்ம தொழில்ல பழக்கம் சார். சாமிகிட்ட மட்டும் கடன் சொல்லச் சொல்றீங்களா?”

அட்வான்ஸ் கொடுத்து வைக்க எனக்கு ஒரு சாமி இல்லையே என்று அன்றைக்கு ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான்.

ஜப்பான்காரன் இலை போடுவானா

நீங்கள் எதற்காக வருகிறீர்கள் என்பதைப் பல நாடுகள் ஒரு வரியில் கேட்டுவிட்டு, திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்பதைப் பல விதமாகக் கேட்கும். அதற்காகவே தனியாக ஒரு கடிதம் எழுதுவேன். நிலம் இருந்தால் நிலம், வேலை இருந்தால் லீவு உத்தரவு, படிக்கிற பிள்ளை இருந்தால் பள்ளிச் சான்று. ராமகுப்பத்தில் பட்டுப்புழு வளர்க்கிற ஒருவன் நூல் எடுக்கும் இயந்திரம் பார்க்க ஜப்பான் போகக் கிளம்பினான். திரும்பி வருவதற்கு உன்னிடம் என்ன ஆதாரம் என்றேன். செல்போனை நீட்டினான். தட்டுத் தட்டாகப் புழுக்கள். பட்டா நகல் இருக்கிறதா என்றேன். அதுவும் இருந்தது. ஆனால் அதைக் கொடுக்கும்போது அவனுக்குக் கொஞ்சம் கோபம்.

“அண்ணா, புழு கடைசித் தோல உரிச்சி எழுந்தா ராவு பகல் பாக்காம துன்னும். நான் இல்லன்னா யாரு எல போடுவா? அந்த ஜப்பான்காரன இங்க வந்து போடச் சொல்லு, நான் அங்கியே தங்கிக்கிறேன்.”

அவன் போன பிறகு, எனக்காக நான் எழுத வேண்டிய கடிதத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். நிலம் இல்லை. பட்டா கேட்டவர்களின் பெயர்களை அன்று எழுதியவன் நான்தான். என் பெயரை எழுதவில்லை. தனக்காகப் போராடினான் என்று ஒருவனும் சொல்லிவிடக் கூடாது என்ற திமிர். வேலை என்றால், இன்னொருவன் கடையில் ஒரு மேஜை. அந்தக் கடிதம் முதல் வரியைத் தாண்டவில்லை.

பழைய தோழர்

அந்த ரோட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அதே போலீஸ் வேனில் என்னோடு ஏறியவர் சுப்பு. இப்போது காண்ட்ராக்டர். குடும்பத்தோடு லண்டன் பார்க்க ஆசைப்பட்டு என் மேஜைக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். மனுவில் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்ற கேள்வி வந்தது. இல்லை என்று போடச் சொன்னார். அவர் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அவர் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே கைதானதே இல்லை என்பது அவர் கணக்கு. கைதானது உண்மை, வழக்கு வாபஸ் ஆனதும் உண்மை, இரண்டையும் எழுதுவோம், அதனால் கெடுதல் வராது என்று சொன்னேன். பொய்யை என் கையால் நிரப்ப மாட்டேன் என்றும் சொன்னேன். அதற்கு அவர், உன் பெயரையும் எடுக்கச் சொல்லி அமைச்சரிடம் ஒரு வார்த்தை பேசுகிறேன், நீ ஒரு சால்வையோடு வந்து நில்லு, மகள் கல்யாணத்துக்குப் போகலாம் என்றார்.

எனக்கு ஆசை இல்லாமலில்லை. மலர் அனுப்பியிருந்த அந்தப் பதிவு அலுவலகத்தின் படத்தை அன்று காலையில்கூடப் பார்த்திருந்தேன். சிவப்புச் செங்கல் கட்டடம், வாசலில் ஈரம். ஆனால் அந்த அமைச்சருக்குச் சால்வை போடுகிற கை எனக்கு இல்லை. அதைச் சொன்னதும் சுப்பு காகிதங்களைப் பையில் அள்ளிக்கொண்டார். சீனுவும் கடையில் நின்ற நாலு பேரும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்:

“அந்த ரோட்ட அகலம் பண்ணி, நானே காண்ட்ராக்ட் எடுத்து தார் ஊத்திட்டேன். நீ இன்னும் அதும்மேலயே குந்திகினு இருக்கற.”

பார்க்க மனு

என் மனைவி கன்னியம்மா அங்கன்வாடி டீச்சர். லீவு உத்தரவு, சம்பளச் சான்று, மகளின் அழைப்புக் கடிதம் எல்லாம் ஒழுங்காக இருந்ததால் அவளுக்கு விசா வந்துவிட்டது. என் பாஸ்போர்ட் மனுவுக்கோ, வழக்கு நடக்கும் கோர்ட்டில் அனுமதி வாங்கி வா என்று பதில் வந்தது. என் மகளைப் பார்க்க நான் எவனிடம் அனுமதி கேட்பது என்று அந்தக் காகிதத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். என் கோபத்துக்காகக் கல்யாணத் தேதி தள்ளிப் போகவில்லை, நெருங்கிக்கொண்டே வந்தது.

சென்னை விமான நிலையத்தில் கன்னியம்மா உள்ளே போகுமுன் சற்று நின்றாள். அந்த வழக்கில் நான் ஜெயிலில் இருந்தபோது மலரை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்க மனு கொடுத்துவிட்டுக் காலையிலிருந்து வாசலில் நிற்பாள். சில நாள் பார்க்க விடுவார்கள், சில நாள் திருப்பி அனுப்புவார்கள். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் குறையாகப் பேசியதில்லை. அன்றுதான் பேசினாள்.

“உன்ன பாக்கறதுக்கு எத்தினி வாட்டி மனு போட்டுகினு நின்னன், எனுக்கு மானம் போயிடுச்சா இன்னா? இப்ப எங்கள பாக்க நீ போடுயா.”

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நான் வெளியே கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே யார் யாரோ நடந்தார்கள். அவள் புடவை நிறம் மட்டும் தெரியவில்லை. ஊர் வந்ததும் கோர்ட்டுக்கு மனு எழுதினேன். எத்தனையோ பேருக்கு எழுதிய கை, என் பெயரை எழுதும்போது மெதுவாகத்தான் போயிற்று.

ஒழுகுகிற வீடு

கோர்ட்டில் அரசு வக்கீல் எதிர்த்தார். குற்றம் சாட்டப்பட்டவர் வெளிநாடு போனால் தலைமறைவாகிவிடுவாராம். சாட்சிகள் வராத வாய்தாவுக்கும் போலீசார் வராத வாய்தாவுக்கும் தவறாமல் வந்து நின்றவன் நான் ஒருவன்தான். அதை என் வக்கீல் சொன்னார். மாஜிஸ்திரேட் சின்ன வயசுப் பெண். கோப்பைப் புரட்டிவிட்டு, திரும்பி வருவீர்கள் என்று எப்படி நம்புவது என்று தெலுங்கில் என்னையே கேட்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லோரையும் நான் கேட்கிற கேள்வி. மைக் இல்லாமலே ஊர் கேட்கப் பேசிய நான், வருவேன் அம்மா என்றேன். அவ்வளவுதான்.

குறித்த வாய்தாவுக்குள் திரும்ப வேண்டும், இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று அனுமதி கிடைத்தது. ஒருவன் சீனு, கடையைப் பூட்டிவிட்டு வந்தான். இன்னொருவரை நான் தேட வேண்டியிருக்கவில்லை. கிராமத்திலிருந்து முனியம்மா அக்கா வீட்டு வரி ரசீதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். அன்றைய போராட்டத்தில் கிடைத்த மனையில் கட்டிய வீடு அது. நான் வராமல் போனால் என்ன ஆகும் என்று வக்கீல் விளக்கினார். அக்கா முழுதும் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டச் சொன்னார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்:

“நீ வராத போனா ஊட்ட எடுத்துக்குவாங்கன்னு பயம் காட்றாரு. எடுத்துக்கட்டும் தம்பி. மழ வந்தா அவங்களே சட்டி வெச்சிகினு குந்தட்டும்.”

என் கடிதம்

பாஸ்போர்ட் வந்தது. விசாவுக்கு என் மனுவை நானே நிரப்பினேன். கைது உண்டா: உண்டு. வழக்கு உண்டா: உண்டு. சொத்து: இல்லை. திரும்பி வருவதற்கான ஆதாரம் என்ற கடிதத்தில், இந்த வழக்கு இன்னும் நடக்கிறது, குறித்த தேதியில் நான் கோர்ட்டில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் எனக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள் தெருவுக்கு வருவார்கள் என்று எழுதி, கோர்ட் உத்தரவை இணைத்தேன். மற்றவர்கள் மறைக்கச் சொல்கிற காகிதத்தை மேலாக வைத்து அனுப்புகிறாயே அண்ணா என்று சீனு தலையில் கைவைத்துக்கொண்டான்.

விசா வருவதற்குள் கல்யாண நாள் வந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில் தேதி மாற்றினால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. இருவருக்கும் லீவும் அப்போதுதான். நான்தான் நடத்தச் சொன்னேன். கடையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். கன்னியம்மா பிடித்த செல்போனில் பாதி நேரம் கூரை தெரிந்தது, பாதி நேரம் யாருடைய தோளோ. ஒரு கணம் மலரின் கை தெரிந்தது, பேனாவோடு. பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். மேஜைக்கு எதிரில் சிங்கப்பூர் போகும் தம்பதி காத்திருந்தார்கள். சீனு அவர்களை ஜெராக்ஸ் எடுக்கக் கூட்டிப் போனான். எடுக்க எதுவும் இருக்கவில்லை.

அடுத்த வாரத்தில் விசா வந்தது. சீனு பிரித்துப் பார்த்துவிட்டுச் சத்தமாக வாசித்தான். நான் திரும்பவும் ஒரு முறை வாசிக்கச் சொன்னேன். கல்யாணம் முடிந்த பிறகு வந்த விசாவை என்ன செய்வது என்று மலரிடம் கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்:

“கையெழுத்து போட்டாச்சி நைனா, ஆனா நம்ப பக்கத்துல யாரும் பேசல. யாரும் பேசாதது இன்னா கல்யாணம்னு அம்மா கேட்டுகினே இருக்குது. நீ வந்து பேசு. மேடையில குடுப்பாங்களே, அந்த மாதிரி சீக்கிரம் முடின்னு யாரும் சீட்டு குடுக்க மாட்டோம்.”

எனக்கென்று எதையும் வாங்கிக்கொள்ளாத போராட்டக்காரன் என்று இத்தனை காலம் பெருமை பேசிய நான், திரும்பி வருவேன் என்று ஒரு நாடு நம்புவதற்காகக் காட்ட முடிந்த ஒரே சொத்து, இந்த அரசாங்கம் என்மேல் போட்டு இன்னும் முடிக்காமல் வைத்திருக்கும் வழக்குதான்.