காலிப் பெட்டிக்குப் போட்ட காசு

டோஃபுக்காரர் யொனெஜிக்குக் கப்பல்காரன் தரவேண்டிய கடன் பதினோரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் யென். ஒரு நாளைக்கு நூற்று முப்பது கட்டி டோஃபு, கட்டி இருநூறு யென், நாற்பத்து நாலு நாள். சந்தேகம் உள்ளவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். யொனெஜி அதற்குக் காகிதம் தேடவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் என்றாலும் கணக்கு நாக்கு நுனியில் நிற்கும்.

இசோபே வீட்டின் மூன்றாவது பையன் அவர். ஆரஞ்சுத் தோட்டம் மூத்தவனுக்குப் போயிற்று, படகு அடுத்தவனுக்கு. யொனெஜிக்கு மிஞ்சியது வெளியே போகிற வழி. பதினைந்து வயதில் அக்கரைக்குப் போய் ஒரு டோஃபு கடையில் தொட்டி கழுவினார். பதின்மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்து இவசே தீவில் சொந்தமாகக் கொதிகலன் வைத்தார். "அப்பன் காசு ஒரு யென் இல்லாம இந்தத் தீவுல அடுப்பு மூட்டினவன் நான் ஒருத்தன்தான்" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்வார். பெருமைதான், ஆனால் பொய் கிடையாது.

அவருக்குக் கடை வாசல் என்று ஒன்று இல்லை. தீவைச் சுற்றி பத்து இடத்தில், பேருந்து நிறுத்தம், கோயில் படி, படகுத்துறை என்று, மரத்தட்டின் மேல் ஒரு ஐஸ் பெட்டி, பக்கத்தில் மூடியில் பிளவு போட்ட ஒரு தகர டப்பா. காலையில் டோஃபு வைத்துவிட்டு வருவார். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு காசு போடுவார்கள். சாயங்காலம் டப்பாவைக் கவிழ்த்தால் ஒரு யென் குறையாது. நாற்பத்தைந்து வருஷமாக அப்படித்தான்.

அக்டோபரில் ஒரு விடியற்காலை டோஃபுவுக்குச் சோயாப் பயறு அரைத்துக்கொண்டிருந்தபோது குழாய் இரண்டு தரம் இருமியது, காற்று விட்டது, நின்றது. உயரமான கிரேன்களை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, போகக்கூடாத வழியில் வந்த சரக்குக் கப்பல் ஒன்று, தீவையும் அக்கரையையும் இணைக்கிற பாலத்தின் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. தீவுக்கு வரும் தண்ணீர்க் குழாயும் அந்த அடிவயிற்றில்தான் தொங்கியது.

குடிக்கத் தண்ணீர் படகில் வந்தது, ஆளுக்கு இத்தனை வாளி என்று. டோஃபு வாளித் தண்ணீரில் ஆகிற சமாசாரமில்லை. ஊறவைத்த பயறு தொட்டியிலேயே புளித்தது. வெறுமனே கிடந்த கொதிகலனுக்குள் துரு ஏறி ஓட்டை விழுந்தது. நாற்பத்து நாலு நாள் கழித்துத் தண்ணீர் வந்த பிறகு சேமிப்பையெல்லாம் கொட்டி அதற்கு ஒட்டுப் போட்டார். "இந்தக் கோடை தாண்டாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான் பழுது பார்த்தவன். பழைய கொதிகலன் விற்கிற வியாபாரி இரண்டு லட்சம் முன்பணம் கேட்டான், மீதி தவணையில். எழுபத்து நாலு வயதுக்காரருக்கு எந்த வங்கி கடன் தரும்? கப்பல் காசு வந்தால் கடை உண்டு, இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கப்பல் கம்பெனியின் ஆட்கள் மூன்று பேர் கறுப்புக் கோட்டில் வீடு வீடாக வந்தார்கள். இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி வைத்தார்கள். தலை குனிந்தது, பணப்பை குனியவில்லை. படகுக்கார கெங்கோ பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"அண்ணே, பன்னிரண்டு இனிப்பு இருக்கு. ஒண்ணுக்கு ஒரு லட்சம்னு வெச்சா உன் கணக்கு கிட்டத்தட்ட நேராயிடுச்சு."

"நீ பதினொண்ணைத் தின்னு. பன்னிரண்டாவதை கோர்ட்டுல காட்டறேன்."

அந்த நாற்பத்து நாலு நாளில்தான் இன்னொன்று நடந்தது. தண்ணீர் நின்ற மறுநாள், பழக்கதோஷத்தில், யொனெஜி டப்பாக்களைப் பார்க்கப் போனார். ஐஸ் பெட்டி காலி. ஆனால் டப்பாவில் காசு கலகலத்தது. மறுநாளும் அப்படியே, பத்து இடத்திலும். யார் போட்டது என்று தெரிந்திருந்தால் வீட்டுக்கே போய்த் திருப்பிக் கொடுத்திருப்பார். ஆளில்லாத கடையில் யாரைப் பிடிப்பது? டப்பாக்களை எடுத்து வந்துவிடலாம் என்றால் மனைவி ஃபுசாயோ விடவில்லை. "காசு போட வந்தவங்க மூஞ்சியில கதவைச் சாத்தறதா?" என்றாள். மொத்தம் மூன்று லட்சத்து முப்பத்தாறாயிரம் சேர்ந்தது. இந்த ஊரில் துக்கத்துக்கும் கஷ்டத்துக்கும் வருகிற காசில் பாதிக்கு ஏதாவது திருப்பித் தருவது வழக்கம். தண்ணீர் வந்ததும் யொனெஜி ஏழு நாள், நாளைக்கு நூற்று இருபது கட்டி, டப்பாவின் பிளவில் துணி அடைத்துவிட்டு டோஃபுவை இனாமாக வைத்தார். ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்துக்கு, ஒரு கட்டிகூடக் குறையாமல்.

தீவுக்காரர்கள் சேர்ந்து கஜிதானி என்ற பெண் வக்கீலை வைத்தார்கள். அவள் சட்டத்தைச் சொன்னபோது ஊர் மன்றத்தில் பாதிப் பேர் விழித்தார்கள். படித்தவர்கள் பத்துப் பக்கத்தில் எழுதியதை நாலு வரியில் சொல்லிவிடலாம். கப்பல் எவ்வளவு நாசம் பண்ணினாலும் சரி, அதன் அளவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை உண்டு. அதைக் கோர்ட்டில் கட்டிவிட்டால் கப்பல்காரன் கை கழுவிவிடலாம். பாலத்துக்குச் சொந்தமான மாவட்ட அரசிலிருந்து டோஃபுக்காரர் வரை எல்லோரும் அந்த ஒரே பானையில்தான் அள்ள வேண்டும். பெரிய கரண்டி வைத்திருப்பவனுக்குப் பெரிய அள்ளு.

"அப்போ பெரிய கப்பல் இடிச்சிருந்தா நமக்கு நல்லதா போயிருக்கும்" என்றான் கெங்கோ.

யாரும் சிரிக்கவில்லை.

கஜிதானி யொனெஜியைத் தனியே கூப்பிட்டாள். "ஐயா, விற்பனை மொத்தத்தையும் தர மாட்டாங்க. பயறு, எரிவாயு எல்லாம் போக உங்க கைக்கு நிக்கறது எவ்வளவு?"

"பன்னிரண்டாயிரம். ஒரு நாளைக்கு."

"ரசீது?"

"தகர டப்பா ரசீது குடுக்குமா?"

"பயறு வாங்கின பில்லை வெச்சு நான் நிரூபிச்சிடறேன். ஆனா அந்த டப்பாக் காசைப் பத்திக் கேப்பாங்க, ஊருக்கே தெரியும். அது அனுதாபப் பணம்னு சொல்லுங்க. அக்கம்பக்கத்தார் அனுதாபமா குடுத்ததை நஷ்டத்துல கழிக்க மாட்டாங்க. ஒரே ஒரு வார்த்தை, ஐயா."

"பிச்சை எடுத்தேன்னு சொல்லச் சொல்றியா?"

"பிச்சை இல்ல. அனுதாபம்."

"எங்க வீட்டுல ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"பாதிக்கு டோஃபு திருப்பிக் குடுத்தீங்களே? அனுதாபப் பணத்துக்குத்தானே அப்படிக் குடுப்பாங்க?"

 யொனெஜி வீட்டுக்குப் போய் ஃபுசாயோவிடம் சொன்னார். "சொல்லிடுங்க. வாய் சுட்டா போயிடும்?" என்றாள். சொல்லிவிடுவதாகத்தான் அவரும் தலையாட்டினார்.

கோர்ட்டுக்குத் தரவேண்டிய வாக்குமூலத்தை ஊர் மன்றத்தில் வைத்தே எழுதினார்கள். கப்பல்காரனின் வக்கீல் டோக்கியோவிலிருந்து வந்திருந்தார். மரியாதையான மனிதர். குரலைக் கூட உயர்த்தவில்லை.

"கடை நின்னுபோன நாட்கள்ல வருமானம் எதுவும் வந்துதா, ஐயா?"

கஜிதானி யொனெஜியின் முகத்தையே பார்த்தாள். சுவரோரம் ஃபுசாயோ, கெங்கோ, ஊர்க்காரர்கள் இருபது பேர். அதில் யார் யார் காசு போட்டவர்களோ.

யொனெஜி தொண்டையைச் செருமினார். "டப்பாவுல கொஞ்சம் காசு விழுந்துது."

"டோஃபு இல்லாமலா?" வக்கீல் பேனாவை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தார். "வயசான மனுஷன் மேல ஊருக்கு இரக்கம் போல. அப்படித்தானே?"

ஆமாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். எதிராளியே வார்த்தையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அது வலையா, நல்ல மனசா, இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"இரக்கமா?" யொனெஜி எழுந்துவிட்டார். "யாருக்கு யார் மேல? பதினஞ்சு வயசுலேர்ந்து நான் ஒருத்தன்கிட்ட கை நீட்டினதில்ல. அது விற்பனைக் காசு! நாளைக்கு வரப்போற டோஃபுவுக்கு ஊரே முன்பணம் கட்டிச்சு. உங்க டோக்கியோவுல எந்தக் கடைக்காவது காலிப் பெட்டிக்குக் காசு விழுமா?"

"விழாதுங்க ஐயா" என்று வக்கீல் தலை வணங்கினார். "எவ்வளவு விழுந்தது?"

"மூணு லட்சத்து முப்பத்தாறாயிரம்!"

வக்கீல் எழுதிக்கொண்டார். கஜிதானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பாதிக்கு டோஃபு திருப்பிக் கொடுத்ததை அவள் எடுத்துச் சொன்னபோது, விற்பவர் இனாம் கொடுப்பது அவர் விருப்பம் என்று பதில் வந்தது. யொனெஜி கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தினார், அழுத்தமாக.

வெளியே வரும்போது கெங்கோ, "அண்ணே, நான் போட்டது இரக்கத்துலதான்" என்றான்.

"தெரியும். அதான் சொல்லலை."

தீர்ப்பு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. கொதிகலன் கோடை தாண்டியது, ஆனால் மூன்று தொட்டிக்கு ஒன்றைத்தான் கொதிக்கவைத்தது. பத்து இடத்தில் இருந்த ஐஸ் பெட்டி நாலாகச் சுருங்கியது. நாளைக்குப் பன்னிரண்டாயிரம் என்று ஐந்து லட்சத்து இருபத்தெட்டாயிரம் நஷ்டத்தை ஒப்புக்கொண்டார்கள். அதில் டப்பாக் காசு மூன்று லட்சத்து முப்பத்தாறாயிரம் கழிந்தது. நின்றது ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். பானையில் இருந்தது நூறு யென்னுக்கு முப்பத்தெட்டு யென் வீதம்தான் எல்லோருக்கும் வந்தது.

ஃபுசாயோ காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "கழிக்காம இருந்திருந்தா ரெண்டு லட்சத்து அறுநூத்தி நாப்பது. முன்பணம் கட்டிட்டு அறுநூத்தி நாப்பது கையில நின்னிருக்கும்." பென்சிலை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.  திட்டியிருந்தால் தேவலாம்.

பணத்தை வங்கியில் போடுவதாகக் கஜிதானி சொன்னாள். யொனெஜி ஒத்துக்கொள்ளவில்லை. மன்றத்துக்கு நடந்தே போனார். அவள் வெள்ளை உறையை ஒரு தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"உறை எதுக்கும்மா? அது துக்கத்துக்குக் குடுக்கறது. பிரிச்சு, எண்ணிக் கையில வை."

"ஐயா, வெறுங்கையில குடுத்தா மரியாதையா இருக்காது..."

"எனக்கு டப்பாக் காசுதான் பழக்கம். எண்ணு."

வலது கையை விரித்து மேசை மேல் நீட்டினார். பயறு அரைத்தும் வெந்நீரில் வெந்தும் ரேகை அழிந்துபோன கை. கஜிதானி உறையைப் பிரித்தாள். பத்தாயிரம் நோட்டு, ஒன்று, இரண்டு, ஏழு வரை சத்தமாக எண்ணி வைத்தாள். ஆயிரம் இரண்டு. பிறகு நாணயங்கள். ஐநூறு ஒன்று. நூறு நான்கு. ஐம்பது. கடைசியாக ஒரு பத்து யென்.