துடக்கு வீட்டுப் படை

பரமேஸ்வரன் ஒரு படைக்குச் சொந்தக்காரர் என்றால் லண்டன் இல்ஃபோர்ட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். சூப்பர்மார்க்கெட் ஒன்றில் இருபது வருடமாகப் பெட்டி அடுக்குகிற மனிதர். ஆனால் அவருடைய மாடி அறையில் அறுபது பிளாஸ்டிக் வீரர்கள் நின்றார்கள். ஒவ்வொருவனும் கட்டைவிரலில் பாதி உயரம். பழைய சண்டைகளை மேசையில் திரும்ப நடத்துகிற கிளப் ஒன்று உண்டு. அங்கே இறக்குவதற்காக அவர் திரட்டிய யாழ்ப்பாண அரசனின் படை அது.

அவர் தேடிய கடைகளில் போர்த்துக்கேய வீரர்கள் பெட்டி பெட்டியாக இருந்தார்கள்; யாழ்ப்பாணத்தான் ஒருவன்கூட இல்லை. அதனால் வேறு நாட்டுப் படைகளின் கைகால்களை வெட்டி ஒட்டி, பசைமண்ணில் வேட்டி மடித்து, மூன்று வருடம் மாய்ந்து மாய்ந்து உழைத்தார். யார் செய்த படை அழகு என்று கிளப் வருடாவருடம் வைக்கும் போட்டியில், 'செய்தவர்: பரமேஸ்வரன்' என்று படைக்கு முன்னால் ஒரு சின்ன அட்டை. அவர் வாழ்க்கையில் தன் பேருக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

வீரர்களுக்குக் கண்ணை எப்போதும் கடைசியில்தான் தூரிகையால் வைப்பார், அதுவும் குளித்துவிட்டு. போட்டிக்கு மூன்று கிழமை இருக்கையில் ரொறன்ரோவில் பெரியப்பா போய்விட்டார். துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாள். துடக்கோடு கண் திறக்கக் கூடாதென்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அறுபது பேரையும் குருடாகவே விட்டார். சிரிக்காதீர்கள். சாமி சிலைக்குக் கொடுக்கிற மரியாதையை அவர் அவர்களுக்கும் கொடுத்தார்.

போட்டி நாளில் அவருக்கு ஷிப்ட். அதனால் முந்திய கிழமையே படையை வடலண்டன் எட்மண்டனில் இருக்கும் கோபாலகிருஷ்ணனிடம் ஒப்படைத்தார். கிளப் மேசையில் பதினொரு வருடமாக அவருக்கு எதிரே உட்கார்ந்து போர்த்துக்கேயரை நடத்தியவர் அவர்.

"கண் இல்லாமலே வை, கோபால். பரிசு கிடைக்காட்டிலும் பரவாயில்லை. பேரை மட்டும் எழுதிவிடு."

"ஓம் அண்ணை, நான் பாக்கிறன். நீங்கள் யோசிக்காதேங்கோ."

கடைசி நேரத்தில் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்தார் பரமேஸ்வரன். மண்டபத்தின் நடு மேசையில் படை நின்றது. முதற்பரிசு ரிப்பன். அறுபது பேருக்கும் கண். அட்டையில் கோபாலகிருஷ்ணனின் பேர். கோபாலகிருஷ்ணனைத் தேடிப் பிடித்தார்.

"என்னடா இது?"

"உங்களுக்குத் துடக்கெல்லே அண்ணை. அதுதான் ரெண்டு நாள் லீவு போட்டு நானே கண் வைச்சனான்."

"அப்ப பேர்?"

"துடக்கு வீட்டுப் பேரை எழுதக்கூடாதெண்டு நினைச்சன்."

இதுவரை கோபாலகிருஷ்ணனுக்கு 'அவர்' போட்டாயிற்று. இனி இவனை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மனிதரின் ஆசாரத்தையே எடுத்து அவர் கழுத்தை அறுத்திருக்கிறான்.

பரமேஸ்வரன் கத்தவில்லை. ரிப்பனை நீயே வைத்துக்கொள், நடுவரிடம் போய் யார் செய்தது என்று மட்டும் சொல் என்று கேட்டார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். கோபாலகிருஷ்ணன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"விடுங்கோ அண்ணை. விளையாட்டுச் சாமானுக்குப் போய் ஆரும் இப்பிடிச் சண்டை பிடிப்பினமே?"

பரமேஸ்வரனின் மனைவி வாணியும் 'விளையாட்டுச் சாமான்' என்றுதான் சொல்வாள். வேலையிடத்தில் அப்படித்தான் சிரிப்பார்கள். பதினொரு வருடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லாத ஒரே ஆள் இவன். அதனால்தான் இவனை நம்பினார்.