கோனையில் ஒரு ஏகாதசி

என் நாத்தனாரை ஏகாதசியன்று சாதம் சாப்பிட வைக்க வேண்டும் என்று மூன்று வருஷம் காத்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. வெட்கப்பட வேண்டிய இடம் வேறு, அது பின்னால் வருகிறது.

புகுந்த வீடு திருப்பதியில். மாமனார் இருந்தவரை கோயில் கைங்கர்யத்தில் இருந்தார். ஏகாதசியன்று அந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் சாதம் தொட மாட்டார்கள். உப்புமா, பழம், பால், அவ்வளவுதான். குழந்தைக்கு மட்டும் ஒரு பிடி அரிசி வடிப்போம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஏகாதசியில், புத்தூரிலிருந்து என் அப்பா வந்தார். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறியவர். பஸ் வழியில் நின்றுவிட்டதால் இரண்டு மணி நேரம் தாமதம். வீட்டுக்குள் நுழையும்போதே கை நடுங்கிக்கொண்டிருந்தது. உப்புமா கிளற நேரமில்லை. குழந்தைக்கு வடித்ததில் தயிரை விட்டுப் பிசைந்து தட்டில் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டாவது வாய் எடுக்கும்போது, பெங்களூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் கூடத்துக்கு வந்தாள்.

"ஏகாதசியும் அதுவுமா இந்தாத்துல பெரியவா சாதம் சாப்பிடறதா? உங்காத்துல எப்படியோ, எங்காத்துல வழக்கமில்லை."

சொன்னதோடு நிற்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்ற மாட்டுக்குக் கொட்டினாள். அப்பா விரல்களில் பருக்கை ஒட்டியிருக்க எழுந்தார். "பரவால்லம்மா, நேக்கும் வேளையாச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் வடமாலபேட்டை தாண்டி மயங்கி விழுந்து, யாரோ வாயில் வெல்லம் போட்டு எழுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அடுத்த வருஷம் போய்விட்டார். அவர் சாவுக்கும் அந்தத் தட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் ஆறிவிடுமா? பதின்மூன்றாம் நாள் நாத்தனார் வந்து உட்கார்ந்து சாப்பிட்டு, திருக்கண்ணமுதுப் பாயசத்தில் ஏலக்காய் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமியாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தட்டைப் பிடுங்கிய அன்று அவர் கோயிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து விஷயம் கேட்டதும் பெண்ணைக் கண்டித்தார். சாயந்திரமே என் அப்பாவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டார். கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

இந்த வருஷம் நாலு நாள் லீவில் வந்த நாத்தனார், கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்றாள். பெங்களூரில் எல்லோரும் போகிறார்களாம். பிச்சாட்டூருக்கு அப்பால் மலை இரண்டாகப் பிளந்து நடுவில் ஆறு இறங்கும் இடம் ஒன்று உண்டு. கோனை என்பார்கள். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவது என்று முடிவாயிற்று. நான் அடுக்களைக்குள் போய்ப் பஞ்சாங்கத்தைப் பிரித்தேன். ஞாயிறு ஏகாதசி. பிரித்த கை அப்படியே நின்றது.

மாமியாருக்குக் கண் மங்கிய பிறகு திதி பார்த்துச் சொல்வது என் வேலை. அன்றும் கேட்டார். "ஏகாதசி என்னிக்குடி வறது?"

"திங்கக்கிழமைம்மா."

"என் போன் ஞாயித்துக்கிழமைன்னு காட்டறதே" என்றாள் நாத்தனார்.

"அது ஸ்மார்த்தாளுக்கு, அக்கா. தசமி விடியக்காலம் வரைக்கும் இருக்கு. நமக்கு மறுநாள்."

சில மாதங்களில் அப்படி வருவது உண்மைதான். தசமி விடியற்காலையைத் தொட்டால் வைஷ்ணவர்களுக்கு விரதம் ஒருநாள் தள்ளிப் போகும். அந்தத் தடவை தொடவில்லை. எல்லோருக்கும் ஒரே நாள்தான். நாத்தனார் போனையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மாமியார்தான் பேச்சை முடித்து வைத்தார். "அவளுக்குத் தெரியாததா? அவ சொன்னா சரியா இருக்கும்."

என் கணக்கில் மாமியார் வீட்டிலேயே இருப்பதாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் சொல்லி, ஞாயிறன்று அவருக்குச் சாதத்துக்குப் பதில் பலகாரத்துக்கு ஏற்பாடு செய்திருந்தேன். கடைசி நேரத்தில் நாத்தனார், ஜீப் மணல் வரைக்கும் போகிறதாம், அம்மாவும் வரட்டும் என்றாள். எழுபத்தெட்டு வயதில் மாமியார் குழந்தை மாதிரிக் கிளம்பிவிட்டார். அவருக்காக மட்டும் ஒரு பொட்டலம் ரவை எடுத்து வைத்தேன். அதோடு என் மனச்சாட்சியின் வாயை அடைத்துவிட்டதாக நினைத்தேன்.

கோனை அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சிவப்புப் பாறை, நடுவில் கூழாங்கல் தெரியும் தண்ணீர். வழிகாட்ட வந்த ஊர்க்காரர் மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கினார். "கல்லு வழுக்கும் ஆயா. அவசரப்படாதே, குந்திக்கினே எறங்கு." மாமியார் பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, தண்ணீரில் கால் வைத்துச் சிரித்தார். சனிக்கிழமை முழுக்க நாத்தனார் போட்டோ எடுத்தாள். என் கணவரும் மகளும் கூடாரத்தைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்கள். நான் புளிக்காய்ச்சல் டப்பாவைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தேன்.

ஞாயிறு பதினோரு மணிக்கு அடுப்பு மூட்டினேன். சாதத்தைப் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, புளிக்காய்ச்சல் போட்டுக் கலந்தேன். என் ஆயுசில் அவ்வளவு நன்றாகப் புளியோதரை கலந்ததில்லை. வேர்க்கடலை ஒவ்வொன்றும் பொன்னாக வறுபட்டிருந்தது. என் கணவர் வெளியூர் போனால் விரதம் பார்ப்பதில்லை. மாமியாருக்குத் தனியாக உப்புமா கிளறி இலையில் வைத்தேன்.

"எல்லாருக்கும் புளியோதரை, நேக்கு மட்டும் உப்புமாவா? நான் என்ன சீக்காளியா?"

"வயத்துக்கு ஒத்துக்காதும்மா."

"என் வயத்தப் பத்தி நேக்குத் தெரியாதா?"

நாத்தனார் சிரித்துக்கொண்டே தன் இலையிலிருந்து ஒரு பெரிய கவளத்தை எடுத்து அம்மா இலையில் வைத்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையில் எடுத்தார்கள். நான் கரண்டியோடு நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு கையும் நின்றுவிடும். ஆனால் நாத்தனாரின் கையும் நின்றுவிடும். மாட்டுக்குப் போன அந்தத் தட்டை நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

இருவரும் சாப்பிட்டார்கள். மாமியார் இன்னும் கொஞ்சம் கேட்டார். போட்டேன்.

எனக்கு இறங்கவில்லை என்று சொல்லி இரண்டு வாழைப்பழம் தின்றேன்.

சாயந்திரம் திரும்பும்போது பிச்சாட்டூர் ஏரிக்கரையில் ஜீப்பை நிறுத்தினார்கள். போனுக்குச் சிக்னல் வந்தது. நாத்தனாரின் பாராயணக் கோஷ்டியிலிருந்து காலையிலேயே வந்து காத்திருந்த செய்திகள் வரிசையாக விழுந்தன. இன்று சர்வ ஏகாதசி. சர்வ என்றால் எல்லோருக்கும் என்று அர்த்தம். படித்துவிட்டு அவள் என்னைக் கரைமேல் கொஞ்ச தூரம் அழைத்துப் போனாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நோக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீ மட்டும் வாழைப்பழம் தின்னே."

"ஆமாம். எங்கப்பா ரெண்டாவது வாய்ல எழுந்து போனார். நீங்க இலை வழிச்சு சாப்பிட்டேள்."

இந்த வாக்கியத்தை மூன்று வருஷம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். சொன்னபோது நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. அவள் உதடு துடித்ததைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்தது. கத்துவாள், வீட்டையே இரண்டாக்குவாள் என்று காத்திருந்தேன். அவள் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் ஜன்னலோரம் கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து அம்மா ஒரு ஏகாதசி விட்டதில்லை. பிரசவத்துலகூட விடலை" என்றாள். "என்னை என்ன வேணா பண்ணியிருக்கலாம் நீ. அம்மா நோக்கு என்ன பண்ணினா?"



"அவகிட்ட சொல்லிடாதே" என்று மட்டும் கேட்டுக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினாள்.

திங்கட்கிழமை மாமியார் விரதம் இருந்தார். கோனையில் ஆடித் தின்றதற்கு ஈடாக இந்தத் தடவை பழம், பால் மட்டுமில்லை, தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். நாத்தனாரும் ஊருக்குப் போவதைத் தள்ளிப் போட்டுவிட்டு, அம்மாவின் பக்கத்தில் பட்டினி உட்கார்ந்தாள். நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். நாலு மணிக்கு மாமியாருக்குத் தலை சுற்றியது. படுத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, "நாளைக்குப் பாரணைக்கு அகத்திக்கீரை வாங்கி வெச்சியோ?" என்று கேட்டார். விரதம் முடிக்கும் துவாதசியில் முதலில் சாப்பிடுவது அது.

கடைக்கு ஓடினேன். கீரைக்காரி காலிக் கூடையைக் காட்டினாள்.

"பொத்துன்னே அயிப்போயிந்தம்மா. துவாதசி ஈரோஜு கதா."

காலையிலேயே விற்றுவிட்டதாம். துவாதசி இன்றைக்குத்தானே என்றாள். கீரை விற்பவளுக்குத் தெரிந்த நாள் என் மாமியாருக்குத் தெரியாதபடி நான் செய்திருந்தேன். இன்னும் மூன்று தெரு அலைந்து, வாடிய ஒரு கட்டைக் கண்டுபிடித்து வாங்கி வந்தேன்.

நாத்தனார் விஷயத்தில் எனக்கு இன்றுவரை துளி வருத்தம் கிடையாது. இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தாலும் புளியோதரை கலப்பேன். இப்போதெல்லாம் அவள் என்னிடம் பேசுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். ஏகாதசிக்கு முதல் நாள் போன் வரும். "நாளைக்கு ஏகாதசி. அம்மாகிட்ட சொல்லு." வைத்துவிடுவாள். அவளுக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது, அது எனக்குச் சௌகரியமாகவே இருக்கிறது.

மாமியார் மட்டும் பழையபடி அடுக்களை வாசலில் வந்து நின்று என்னைக் கேட்கிறார். "ஏகாதசி என்னிக்குடி வறது?" நான் பஞ்சாங்கத்தை இரண்டு தடவை பார்த்துச் சொல்கிறேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். வேறு யாரிடமும் கேட்டுச் சரிபார்ப்பதில்லை.